கர்நாடக காங்கிரசின் அடுத்த தலைமையும் வேட்பாளர்களின் வெற்றி வாய்ப்பும்: பெங்களூருத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்நாடக காங்கிரசில் சித்தராமையாவுக்குப் பிறகு யார் என்ற விவாதம், 2023 மே மாதம் ஆட்சி அமைந்த நாளிலேயே தொடங்கிவிட்டது. அல்சூர், சிவாஜிநகர், ஓகலிபுரம் போன்ற பகுதிகளில் தமிழர்கள் இதைப் பேசும்போது, நம் தொகுதியில் யாரை நிறுத்தினால் வெல்வார் என்ற கேள்வியும் கூடவே வந்து கலந்துவிடுகிறது. தலைமைக்கு ஒருவர் தகுதியானவரா என்பதற்கும் ஒரு தொகுதியில் அவர் வெல்வாரா என்பதற்கும் வேறு வேறு சான்றுகள் வேண்டும். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதால்தான் பெரும்பாலான வாக்குவாதங்கள் முடிவின்றி நீள்கின்றன. கீழேயுள்ள பதில்கள் அந்தப் பார்வையில் எழுதப்பட்டவை.

முதல்வரைத் தேர்ந்தெடுப்பது யார்? கட்சித் தொண்டருக்கு அதில் வாக்கு உண்டா?

இல்லை. சட்டமன்ற உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டறிய மேலிடம் பார்வையாளர்களை அனுப்புகிறது. அதன் பிறகு முடிவு டெல்லியில் எடுக்கப்படுகிறது. 2013-இல் ஏ.கே. அந்தோணி தலைமையில் வந்த குழு உறுப்பினர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. சித்தராமையா தேர்வானார், மல்லிகார்ஜுன கார்கேவுக்கு வாய்ப்பு கிட்டவில்லை. 2023-இல் சுசீல்குமார் ஷிண்டே உள்ளிட்ட மூவர் வந்து உறுப்பினர்களைத் தனித்தனியே சந்தித்தனர். இறுதி முடிவைக் கட்சித் தலைவரிடமே விட்டுவிடுவதாக ஒருவரித் தீர்மானமும் நிறைவேறியது. அந்தக் கட்சித் தலைவர், பத்தாண்டுகளுக்கு முன் முதல்வர் பதவியைத் தவறவிட்ட கார்கேதான்.

தொண்டருக்கு நேரடி வாக்கு இல்லை என்பதால் அவருடைய விவாதம் வீண் என்று ஆகிவிடாது. பார்வையாளர்கள் கேட்பது உறுப்பினர்களை. உறுப்பினர்களின் கவலையோ அடுத்த தேர்தலில் தங்கள் தொகுதி என்ன ஆகும் என்பது. தெருவில் பேசப்படுவது அந்த வழியாகத்தான் மேலே போய்ச் சேர்கிறது, அதுவும் மிக மெதுவாக.

2023-இல் பதவியைப் பாதியாகப் பகிர்ந்துகொள்வதாக உடன்பாடு ஏற்பட்டதா?

கட்சி அன்று வெளிப்படையாக அறிவித்தது இவ்வளவுதான்: சித்தராமையா முதல்வர், டி.கே. சிவகுமார் ஒரே துணை முதல்வர், நாடாளுமன்றத் தேர்தல் முடியும்வரை அவரே மாநிலத் தலைவராகவும் தொடர்வார். ஆண்டுக்கணக்கு எதுவும் அந்த அறிவிப்பில் இல்லை. எழுத்தில் இல்லாத ஒன்றை இரு தரப்பும் தத்தம் வசதிக்கேற்ப நினைவுகூர்வது அரசியலில் புதிதன்று. எனவே விவாதத்தில் அதை ஆதாரமாக வைப்பதைத் தவிர்ப்பது நல்லது.

சொந்தத் தொகுதியில் அதிக வித்தியாசத்தில் வெல்பவர்தானே பெரிய தலைவர்?

இந்த வாதம் அடிக்கடி வருகிறது, பலவீனமானதும் இதுவே. 2023-இல் கனகபுராவில் சிவகுமார் 1,22,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வருணாவில் சித்தராமையாவின் வித்தியாசம் 46,000 சொச்சம். இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு முதலாமவரே மக்கள் செல்வாக்கு மிக்கவர் என்று சொன்னால், அடுத்த ஆண்டே அந்த வாதம் சிக்கலுக்குள்ளாகிறது. 2024 மக்களவைத் தேர்தலில், கனகபுராவையும் உள்ளடக்கிய பெங்களூரு ஊரகத் தொகுதியில் சிவகுமாரின் தம்பி டி.கே. சுரேஷ், பா.ஜ.க. சார்பில் நின்ற இதய மருத்துவர் சி.என். மஞ்சுநாத்திடம் 2,69,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். 2019-இல் கர்நாடகம் முழுவதும் காங்கிரசுக்குக் கிடைத்த ஒரே மக்களவை இடம் இதே சுரேஷ் வென்றதுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் இப்படித்தான். சித்தராமையாவை மாநிலத்தின் பெருந்தலைவராகக் கருதுபவர்கள், முதல்வராக இருந்துகொண்டே 2018-இல் அவர் சாமுண்டேஸ்வரியில் 36,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் ஜி.டி. தேவெகௌடாவிடம் தோற்றதைச் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். அன்று அவரைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்றது இரண்டாவது தொகுதியான பாதாமியில் கிடைத்த 1,696 வாக்கு வித்தியாசம். அந்தத் தோல்வி அவருடைய மாநிலச் செல்வாக்கைக் குலைத்துவிடவில்லை; ஐந்தாண்டுகளில் மீண்டும் முதல்வரானார். சொந்தத் தொகுதியின் வித்தியாசம் ஒருவரது தொகுதிப் பிடிப்பைக் காட்டும். மற்றத் தொகுதிகளில் அவர் முகத்துக்காக எத்தனை பேர் வாக்களிப்பார்கள் என்பதை அது காட்டாது.

அப்படியானால் தலைவர் தன் தொகுதியில் தோற்றாலும் பரவாயில்லையா?

வாக்காளர் கண்ணோட்டத்தில் பரவாயில்லாமல் இருக்கலாம். கட்சிக்குள் அது கதவை அடைத்துவிடுகிறது. 2013-இல் காங்கிரஸ் 122 இடங்களுடன் ஆட்சியைப் பிடித்தபோது மாநிலத் தலைவராக இருந்தவர் தலித் சமூகத்தைச் சேர்ந்த ஜி. பரமேஸ்வரா. அவரே கொரட்டகெரேயில் தோற்றுப்போனார். போட்டியிலிருந்து விலகி நிற்க வேண்டியதாயிற்று. 2018-இல் அதே தொகுதியில் வென்று துணை முதல்வரானார் என்றாலும், தலித் முதல்வர் என்ற கோரிக்கைக்கு மிகச் சாதகமாக இருந்த தருணம் 2013-தான், அது போய்விட்டது.

ஆட்சியின் நடுவில் முதல்வரை மாற்றினால் கட்சி தோற்றுவிடும் என்கிறார்களே?

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் லிங்காயத்துச் சமூகத்தைச் சேர்ந்த முதல்வர் வீரேந்திர பாட்டீல். 1989-இல் காங்கிரஸ் 224-இல் 178 இடங்களைப் பிடித்தது. மறு ஆண்டு அக்டோபரில் அவர் நீக்கப்பட்டு பங்காரப்பா வந்தார்; காவிரித் தீர்ப்பாயத்தின் இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து 1991 டிசம்பரில் இந்நகரத் தமிழர்கள் தாக்கப்பட்டபோது முதல்வராக இருந்தவர் அவரே. 1992-இல் வீரப்ப மொய்லி வந்தார். 1994 தேர்தலில் கட்சி 34 இடங்களுக்குச் சுருங்கியது. லிங்காயத்துகள் காங்கிரசைவிட்டு விலகத் தொடங்கியதை இந்த நீக்கத்திலிருந்தே கணக்கிடுபவர்கள் பலர். பா.ஜ.க.வும் 2008-இல் 110 இடங்களுடன் வந்து, எடியூரப்பா, சதானந்த கௌடா, ஜெகதீஷ் ஷெட்டர் என்று மூன்று முதல்வர்களைக் கண்டு, 2013-இல் 40 இடங்களில் நின்றது. எடியூரப்பா தனிக்கட்சி தொடங்கி வாக்குகளைப் பிரித்ததும் அதற்கு முக்கியக் காரணம்.

ஆனால் இந்த உதாரணங்களைக் கேட்பவர் ஒன்றைத் திருப்பிக் கேட்கலாம்: மாற்றாமல் இருந்திருந்தால் வென்றிருப்பார்களா? கர்நாடகத்தில் ஆளுங்கட்சி மறுபடியும் வென்றது கடைசியாக 1985-இல், ராமகிருஷ்ண ஹெக்டே காலத்தில். அதன் பிறகு முதல்வரை மாற்றிய கட்சியும் தோற்றது, மாற்றாத கட்சியும் தோற்றது. சித்தராமையா 2013 முதல் 2018 வரை ஐந்தாண்டுகளை முழுமையாக முடித்தும் கட்சி 80 இடங்களுக்கு இறங்கியது.

எனவே இடங்களை விட்டுவிட்டு வாக்கு விகிதத்தைப் பார்ப்பதே பயன் தரும். 1989-க்கும் 1994-க்கும் இடையே காங்கிரசின் விகிதம் ஏறக்குறைய 44-இலிருந்து 27 சதவீதமாக விழுந்தது. 2013-க்கும் 2018-க்கும் இடையே, தோல்வியிலும், 36.6-இலிருந்து 38 சதவீதத்துக்கு உயர்ந்தது; அதிக இடங்களைப் பெற்ற பா.ஜ.க.வைவிட அது கூடுதல். பா.ஜ.க. 2021-இல் எடியூரப்பாவை விலக்கி பசவராஜ் பொம்மையைக் கொண்டுவந்த பிறகும் அதன் விகிதம் 2018-இல் இருந்த அதே 36 சதவீத அளவில்தான் நின்றது, இடங்கள் மட்டும் 104-இலிருந்து 66 ஆயின. மாற்றம் ஒரு சமூகத்தை அவமதித்ததாக உணரப்பட்டால் விலை பெரிது. மாற்றப்பட்டவரே உடன்பட்டு நின்றால் விலை குறைகிறது. என்னுடைய கருத்தில், யார் வருகிறார் என்பதைவிட எப்படி அனுப்பப்படுகிறார் என்பதைத்தான் கட்சிக்காரர்கள் அதிகம் விவாதிக்க வேண்டும்.

சாதிக் கணக்கை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதா?

ஓரளவுதான். சித்தராமையாவின் பலம் அஹிந்தா எனப்படும் சிறுபான்மையினர், பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள் கூட்டணி. சிவகுமாரின் அடித்தளம் ஒக்கலிகர்கள் நிறைந்த பழைய மைசூர் வட்டாரம். இவை உண்மையே. ஆனால் அதே ஒக்கலிகர் வட்டாரத்தில் காங்கிரஸ், பா.ஜ.க., மதச்சார்பற்ற ஜனதா தளம் ஆகிய மூன்று கட்சிகளிலும் ஒக்கலிகத் தலைவர்கள் இருக்கிறார்கள் என்பதால், சாதி ஒருவருக்கு வாக்கைக் கொண்டுவரும்போதே இன்னொருவருக்கும் அதையே செய்கிறது. சுரேஷை வீழ்த்திய மஞ்சுநாத்தும் ஒக்கலிகரே, முன்னாள் பிரதமர் எச்.டி. தேவெகௌடாவின் மருமகனும்கூட.

வாரிசுகளின் வெற்றி வாய்ப்பை எப்படி மதிப்பிடுவது?

பெயர் கட்சிக்குள் சீட்டைப் பெற்றுத் தருகிறது. வாக்குச்சாவடியில் அதன் மதிப்பு ஆளுக்கு ஆள் மாறுகிறது. எச்.டி. தேவெகௌடாவின் பேரன் நிகில் குமாரசாமி 2019-இல் மண்டியா மக்களவைத் தொகுதி, 2023-இல் ராமநகரம், 2024 இடைத்தேர்தலில் சென்னபட்டணம் என்று தம் குடும்பத்தின் கோட்டைகளாகக் கருதப்பட்ட மூன்று இடங்களிலும் தோற்றார். பி.ஒய். விஜயேந்திரா 2023-இல் தந்தையின் சிகாரிபுராவில் வென்றார், ஆனால் எடியூரப்பா 2018-இல் பெற்ற வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கே அவருக்குக் கிடைத்தது. மல்லிகார்ஜுன கார்கேயின் மகன் பிரியங்க் முதன்முதலில் நின்ற சித்தாப்பூர் இடைத்தேர்தலில் தோற்று, பிறகு அதே தொகுதியில் தொடர்ந்து மூன்று முறை வென்றிருக்கிறார். ஒரு வாரிசு தோற்ற இடத்திலேயே மறுபடி நின்று வேலை செய்கிறாரா, அல்லது அடுத்த பாதுகாப்பான தொகுதியைத் தேடுகிறாரா என்பது, முதல் தேர்தல் முடிவைவிட அதிகம் சொல்லும்.

அடுத்த வரிசையில் யார் யார் பெயர் அடிபடுகிறது?

பரமேஸ்வரா, சதீஷ் ஜார்கிஹோளி, எம்.பி. பாட்டீல், கிருஷ்ண பைரே கௌடா, பிரியங்க் கார்கே ஆகியோர் பெயர்கள். வரிசைப்படுத்துவது இப்பக்கத்தின் வேலையன்று.

ஒரு வேட்பாளர் வெல்வது சொந்தச் செல்வாக்கிலா, கட்சிச் செல்வாக்கிலா?

பெங்களூருத் தமிழர்கள் நன்கறிந்த புலிகேசிநகரிலிருந்தே தொடங்கலாம். 2018-இல் அங்கே அகண்ட சீனிவாசமூர்த்தி காங்கிரஸ் சார்பில் 81,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 2020 ஆகஸ்டில் நடந்த டி.ஜே. ஹள்ளி கலவரத்தில் அவருடைய வீடு எரிக்கப்பட்டது. 2023-இல் கட்சி அவருக்குச் சீட்டு மறுத்து ஏ.சி. சீனிவாசாவை நிறுத்தியது, மூர்த்தி பகுஜன் சமாஜ் சார்பில் நின்றார். புதியவர் 60,000-க்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றார். 81,000 யாருடையது என்ற கேள்விக்கு அந்தத் தேர்தலே பதில் சொல்லிவிட்டது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் அதே ஆண்டில் உண்டு. பா.ஜ.க. சீட்டு மறுத்த லட்சுமண் சவதி காங்கிரசில் சேர்ந்து அதணி தொகுதியில் பெரிய வெற்றி பெற்றார். அதே வழியில் வந்த முன்னாள் முதல்வர் ஷெட்டர், பலமுறை வென்ற ஹூப்ளியில் தோற்றார், பிறகு பா.ஜ.க.வுக்கே திரும்பி 2024-இல் பெலகாவி மக்களவைத் தொகுதியில் வென்றார். பெங்களூரு கோவிந்தராஜநகரில் உறுதியான நிலையிலிருந்த வி. சோமண்ணாவை பா.ஜ.க. வருணாவுக்கும் சாமராஜநகருக்கும் அனுப்பியது. அவர் இரண்டிலும் தோற்றார், கோவிந்தராஜநகரும் காங்கிரசிடம் போயிற்று. அவரே அடுத்த ஆண்டு தும்கூரில் வென்று மத்திய இணையமைச்சரானார்.

வெற்றி வாய்ப்பு என்பது ஒருவர் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராக எடுத்துச் செல்லும் சரக்கு இல்லை. இந்தத் தொகுதி, இந்த ஆண்டு, இந்த எதிராளி என்று மூன்றையும் சொல்லாமல் "அவர் நின்றால் ஜெயிப்பார்" என்று யாராவது கூறினால், அது விருப்பம் மட்டுமே.

சட்டமன்றத்தில் தொடர்ந்து வெல்பவரை மக்களவைக்கு நிறுத்தினால் என்ன?

கிருஷ்ண பைரே கௌடா பியாடராயனபுராவில் 2008 முதல் வென்றுவருகிறார்; 2009-இல் பெங்களூரு தெற்கிலும் 2019-இல் பெங்களூரு வடக்கிலும் மக்களவைக்கு நின்று தோற்றார். இந்நகர வாக்காளர்கள் இரு தேர்தல்களையும் வெவ்வேறாகப் பார்க்கிறார்கள். 2023-இல் மாநிலத்தில் 135 இடங்களை வென்ற காங்கிரஸ், அடுத்த ஆண்டு 28 மக்களவை இடங்களில் 9-ஐ மட்டுமே பெற்றது. நகரின் வடக்கு, மத்திய, தெற்குத் தொகுதிகள் மூன்றும் பா.ஜ.க.விடமே இருந்தன. மத்தியத் தொகுதியில் மன்சூர் அலிகான் 32,707 வாக்குகளில் தோற்றார். அங்கே மகாதேவபுரா என்ற ஒரு பகுதியில் மட்டும் பா.ஜ.க.வுக்குக் கிடைத்த கூடுதல் 1,14,000-க்கும் மேல். அப்பகுதி வாக்காளர் பட்டியல் குறித்து 2025 ஆகஸ்டில் ராகுல் காந்தி முறைகேடு புகார் எழுப்பினார், தேர்தல் ஆணையம் அதை மறுத்தது.

நூலிழையில் தோற்றவருக்கே மறுபடி சீட்டு தரலாமா?

2023-இல் ஜெயநகரில் சௌமியா ரெட்டி 16 வாக்குகளில் தோற்றார். காந்திநகரில் தினேஷ் குண்டுராவ் 105 வாக்குகளில் வென்றார். இந்த இருவருக்கும் இடையே வெற்றித் தகுதியில் வேறுபாடு இருப்பதாகச் சொல்ல எந்த அடிப்படையும் இல்லை, ஆனால் ஒருவர் அமைச்சரானார். 16 வாக்குத் தோல்வியை அனுதாபமாக மாற்றலாம் என்று எண்ணிக் கட்சி சௌமியாவை 2024-இல் பெங்களூரு தெற்கு மக்களவைக்கு நிறுத்தியதென்றால், அந்தக் கணக்கு தவறு. வித்தியாசம் 2,77,000-ஐத் தாண்டியது. ஜெயநகரிலேயே அவருக்கு மறுவாய்ப்பு தருவது நியாயமான பந்தயமாக இருக்கும்.

கட்சி வேட்பாளரை எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறது?

விண்ணப்பம், கணக்கெடுப்பு, தேர்வுக்குழு, மேலிடம் என்ற வரிசையில். 2023-இல் காங்கிரசில் சீட்டுக் கேட்டவர் விண்ணப்பத்துக்கு 5,000 ரூபாயும், அதோடு பொதுப்பிரிவினர் 2 லட்சம், பட்டியலினத்தவர் 1 லட்சம் என்று வரைவோலையும் கட்ட வேண்டியிருந்தது. கணக்கெடுப்பின் முடிவுகள் வெளியிடப்படுவதில்லை. ஆகவே "சர்வேயில் என் பெயர் முதலில் வந்தது" என்று சொல்பவரைச் சரிபார்க்க வழியில்லை. சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் செலவு வரம்பு உண்டு. ஆனாலும் கட்சிக்குள் ஒருவரது வெற்றி வாய்ப்பைப் பேசும்போது பலர் மறைமுகமாகப் பேசுவது அவர் எவ்வளவு செலவழிப்பார் என்பதைத்தான். இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு விவாதிப்பது மேல்.

தமிழர் வாக்குகளை வைத்துத் தமிழர் ஒருவர் வெல்ல முடியுமா?

முன்பு வென்றிருக்கிறார்கள். கோலார் தங்கவயலில் 1999-இல் அ.தி.மு.க.வின் மு. பக்தவத்சலம் வென்றார், பெங்களூரு காந்திநகரிலேயே 1994-இல் அக்கட்சி ஓரிடம் பெற்றது. 2023-இல் அ.தி.மு.க. புலிகேசிநகருக்கு வேட்பாளரை அறிவித்துவிட்டுப் பின்வாங்கிக்கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 21 லட்சம், ஆனால் அவர்கள் பல தொகுதிகளில் பிரிந்து கிடக்கிறார்கள்: அல்சூர் சிவாஜிநகர் தொகுதியில், வண்ணாரப்பேட்டையும் நீலசந்திராவும் சாந்திநகரில், ஓகலிபுரம் காந்திநகரில். சட்டமன்றத் தொகுதி அளவில் அவர்கள் முடிவைச் சாய்க்க முடியும், தனியே தீர்மானிக்க முடியாது. காந்திநகரின் 105 வாக்கு போன்ற முடிவுகளில் அந்தச் சாய்வுக்கு நல்ல மதிப்பு உண்டு. சீட்டுக் கேட்கும்போது அதை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

மேகேதாட்டுப் பாதயாத்திரை நடத்திய சிவகுமாரைத் தமிழர் ஆதரிப்பார்களா?

2022 ஜனவரியில் தொடங்கி, கொரோனா காரணமாக நின்று, மார்ச்சில் பெங்களூருவில் முடிந்த அந்தப் பயணத்தைத் தமிழர்கள் மறக்கவில்லை. ஆனால் அணை கட்ட வேண்டும் என்பதில் கர்நாடகத்தின் மூன்று முக்கியக் கட்சிகளுக்கும் ஒரே நிலைப்பாடுதான். தமிழ்நாட்டில் எதிர்க்கப்படும் ஒரு விஷயம் இங்கே ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டாதபோது, வாக்கை அது மாற்றுவது அரிது. மேலும் அந்தப் பயணத்துக்குப் பின் வந்த 2023 தேர்தலில், தமிழர்கள் கணிசமாக வாழும் சிவாஜிநகர், சாந்திநகர், புலிகேசிநகர் மூன்றிலும் காங்கிரசே வென்றது.

மாநகராட்சித் தேர்தலுக்கு இவையெல்லாம் பொருந்துமா?

முழுமையாகப் பொருந்தா. 198 வார்டுகள் கொண்ட பழைய மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்டில். உறுப்பினர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025-இல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டு வார்டு எல்லைகளும் மாறிவிட்டதால், பழைய உறுப்பினரின் "என் வார்டு" என்ற உரிமைக்கு வரைபடத்தில் ஆதாரமே இல்லாமல் போயிருக்கலாம். இடஒதுக்கீடு இன்னொரு தடை: பாதி வார்டுகள் பெண்களுக்குரியவை என்பதால், பத்தாண்டுகள் வேலை செய்த ஒருவர் தம் மனைவிக்கோ மகளுக்கோ சீட்டுக் கேட்கிறார். அதைவிட, அந்த வார்டிலேயே குடிநீர், குப்பைப் பிரச்சினைகளுக்காக அலைந்த பெண்களில் ஒருவரைத் தேடுவது கட்சிக்கும் லாபம். வார்டு சிறியது, தமிழர்கள் அடர்த்தியாக வாழும் இடங்களில் அவர்கள் வாக்கு முடிவையே தீர்மானிக்கக்கூடியது இந்தத் தேர்தலில்தான்.

ஒருவருடைய வெற்றி வாய்ப்பைச் சரிபார்க்க எதைப் படிக்க வேண்டும்?

மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும் படிவம் 20-ஐ. அதில் வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகள் இருக்கும். 2023 சட்டமன்றத் தேர்தலையும் 2024 மக்களவைத் தேர்தலையும் உங்கள் பகுதிச் சாவடிகளுக்கு மட்டும் எடுத்து அருகருகே வையுங்கள். சாவடி எண்கள் இரண்டு தேர்தல்களுக்கிடையே மாறியிருக்கக்கூடும், பள்ளியின் பெயரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே கட்சிக்கு நின்ற சாவடிகள் கட்சிக்குரியவை; மாறிய சாவடிகளில்தான் வேட்பாளரின் பங்கைத் தேட வேண்டும். சொத்து, வழக்கு விவரங்களுக்குப் படிவம் 26 பிரமாணப் பத்திரம் உண்டு. அல்சூர் போன்ற ஒரு பகுதிக்கு இந்த வேலையைச் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும்.